இலங்கை இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரம்

யாரையும் நான் எளிதில் நம்புகிறவள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த யாருக்கும் அந்தப் பழக்கம் வந்திருக்கும்.

ஊர் சிவகாசிக்குத் தெற்கே இருந்தது. பாதி கரிசல், பாதி தீப்பெட்டிக் கம்பெனி. பள்ளிக்கூடத்தை நடத்தியவரும் கம்பெனியை நடத்தியவரும் ஒரே ஆள். கம்பெனியில் அவர் முதலாளி, பள்ளிக்கூடத்தில் மேனேஜர். உட்காருகிற நாற்காலி மட்டும்தான் வேறு. சர்க்கார் மானியம் வருகிற பள்ளிக்கூடம் என்பதால் இன்ஸ்பெக்டர் என்ன எழுதுகிறார் என்பதில்தான் எல்லாருக்கும் கண். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதில் ஒருவருக்கும் கண் இல்லை.

நான் சாத்தூர்ப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண். டிரெயினிங் முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். சரித்திரம், பூகோளம் இரண்டையும் சேர்த்து சமூகப் பாடம் என்று பெயர் மாற்றியிருந்த காலம் அது. பெயர் மாறியதே தவிர, பிள்ளைகள் மனப்பாடம் செய்வது மாறவில்லை.

ஆறு என்றால் என்ன என்று கேட்டால், மலையில் பிறந்து கடலில் கலப்பது என்று எழுத வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் மணல். தோண்டினால் தண்ணீர் ஊறும், அவ்வளவுதான். அவர்களில் பாதிப் பேர் ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் வந்தவர்கள். அங்கே கோயிலை ஒட்டி இரண்டு ஆறு சேருகிறது. அதை வைத்து ஆரம்பித்தேன்.

"ரெண்டு ஆறும் சேர்ந்தா என்ன ஆகும்?"

"நெறைய மணலு ஆகும் டீச்சர்," என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கிருந்து மெல்லக் கங்கைக்கும் யமுனைக்கும் கூட்டிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியரின் தலை தெரிந்தது.

"டீச்சர், இருக்கன்குடியப் பரீட்சையில கேக்க மாட்டாக. கங்கையத்தான் கேப்பாக."

அந்த வருஷம் எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஐந்தாம் வகுப்புக்கு ஒரே கேள்வித்தாள் என்று கொண்டுவந்திருந்தார்கள். கேள்வித்தாள் முத்திரை போட்ட உறையில் வரும். மேற்பார்க்க வேற்றூர் வாத்தியார் வருவார். விடைத்தாளை இன்னொரு பள்ளியில் திருத்துவார்கள். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் சேர்ந்து போட்ட ஏற்பாடு. அதில் தேறாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு கிடையாது. வேறு ஊரில் தேறாத பிள்ளை இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்காரும். எங்கள் ஊரில் உட்காராது. மறுநாளே கம்பெனிக்குப் போய்விடும், அப்புறம் திரும்பி வராது. பெண்பிள்ளை என்றால் நிச்சயமாக வராது. அதனால் அந்தப் பரீட்சையை நான் வெறுத்தாலும் அதற்குத்தான் உழைத்தேன்.

கேள்வியும் பதிலுமாக எழுதிப் போட்டு ஒப்பிக்க வைத்தேன். தீப்பெட்டி எங்கே உற்பத்தியாகிறது என்று ஒரு கேள்வி. சிவகாசி என்பது பதில். ஒரு பெண் எழுந்து, "எங்க ஊர்லயுந்தான டீச்சர் செய்யுதாக?" என்றாள். தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சிவகாசின்னு எழுதச் சொல்லுங்க. நம்ம ஊரு பேரு எதுக்கு வெளிய போகணும்?" என்றார். அது எனக்கு அப்போதே உறுத்தியது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒல்லியாக, கருப்பாக இருப்பாள். சரியாக எண்ணெய் வைக்காத தலை. எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி வைத்திருப்பாள். ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் உட்கார வேண்டும் என்றால் அது இவளாக இருக்க வேண்டும் என்று நான் மனதில் குறித்து வைத்திருந்தேன்.

காலையில் முதல் மணி அடித்ததும் தலைமையாசிரியரே எல்லா வகுப்புக்கும் ஆஜர் எடுப்பார். அது அவர் வைத்திருந்த வழக்கம். என் வகுப்பில் முக்கால்வாசி பெஞ்சு காலியாக இருக்கும்போதே எல்லாரும் வந்ததாகப் போட்டுவிட்டுப் போவார். காலி பெஞ்சுக்கு உரியவர்கள் பத்து மணிக்கு மேல் கூட்டமாக வருவார்கள். எங்கே போனீர்கள் என்றால், "வீட்டுல பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தோம்" என்பார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். ஒரே வார்த்தை என்றாலே யாரோ சொல்லிக் கொடுத்தது என்றுதான் அர்த்தம். ஆனால் தீப்பெட்டிக் கூடு ஒட்டும் வேலை வீடுதோறும் நடந்ததால் மேலே கேட்க முடியாது.

பள்ளியில் இந்திய வரைபடம் ஒன்றுதான் இருந்தது. சுருட்டி, துணி உறை போட்டு, தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்கு மேல் கிடக்கும். இன்ஸ்பெக்டர் வந்தால் மட்டும் இறங்கும். வகுப்புக்குக் கேட்டேன்.

"பிள்ளைக கை பட்டா கிழிஞ்சிரும் டீச்சர். படம் வரையச் சொல்லிக் கேக்க மாட்டாக. அதுல நேரத்த வீணாக்காதீக."

புத்தகத்தில் இருந்த படமோ மை இழுகி, கன்னத்தில் வழிந்த கண்மை மாதிரி இருந்தது. நான் கரும்பலகையில் ஒரே ஒரு தடவை எனக்குத் தெரிந்த அளவில் வரைந்து காட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

பரீட்சையில் படம் கேட்டுவிட்டார்கள். இந்தியாவின் எல்லையை வரைந்து டில்லியையும் இலங்கையையும் குறி. கட்டாயக் கேள்வி.

போச்சு என்று நினைத்தேன். பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகளோ சந்தோஷமாக வந்தார்கள். "படம் போட்டுட்டோம் டீச்சர்," என்றார்கள். எப்படிப் போட்டீர்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அன்று மதியம் மேற்பார்க்க வந்த வாத்தியாருக்குத் தலைமையாசிரியர் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. மணம் தெருவரைக்கும் வந்தது. அவர் யாருக்கும் வெறும் மோர்கூடக் கொடுக்கிறவர் இல்லை. நான் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

கோடை விடுமுறை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் தலைமையாசிரியர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். திருத்திய பள்ளியிலிருந்து புகார் போயிருந்தது. எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்திருக்கிறார்கள். ஒரே தப்புடன். மேற்கே குஜராத்தின் கத்தியவார் மூக்கு மழுங்கியிருக்கிறது. கிழக்கே அஸ்ஸாமே இல்லை, நேர்கோடாக வெட்டியிருக்கிறது. இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம். படம் கட்டைவிரல் அளவுக்குமேல் இல்லை. யாரோ ஒருவர் வரைந்து காட்டி எல்லாரும் பார்த்து எழுதியது என்று முடிவு கட்டி, வகுப்பு முழுவதற்கும் முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரிக்க டெப்டி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார்.

"கேள்வி ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?" என்றார்.

"நீங்க பீரோ மேல இருந்து படத்த எறக்குனீகளா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்னை அவர் நம்பவில்லை. அவரை நான் நம்பவில்லை. கடைசியில் குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். "போர்டுல போட்ட படத்த அழிக்க மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துருங்க. ஒங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிரும்."

"பிள்ளைகளுக்கு?"

"அதுக இன்னொரு வருஷம் படிக்கட்டும்."

அதுகள் இன்னொரு வருஷம் படிக்காது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மேனேஜருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தீபாவளி சீசன் ஆர்டருக்கு ஆள் வேண்டும். ஒரு வகுப்பே தேறாமல் போனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டேன். யார் காட்டிக்கொடுத்தார்கள்? பதில் இல்லை. வந்த வாத்தியாரா? இல்லை. பெரிய சாரா? இல்லை. பின்னே யார்? வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் அழுதான், ஆனால் சொல்லவில்லை. பயம் இருந்தது. ஆனால் பிரம்புக்குப் பயந்த பயம் மாதிரி அது இல்லை.

கடைசியாக அந்தக் கெட்டிக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் மட்டும் இருந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு சிலேட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். "ஏட்டி, இந்தியாவப் போடு."

முதலில் ஒரு சின்னக் கட்டம் போட்டாள். கட்டத்தின் ஓரமெல்லாம் புள்ளி வைத்தாள். அப்புறம் கீழே நட்சத்திரம். அதற்குப் பிறகுதான் இந்தியா. அவ்வளவு பெரிய சிலேட்டில் மூலையில் ஒரு விரலகலத்துக்கு மடமடவென்று வரைந்து முடித்தாள்.

"அஸ்ஸாம் எங்கட்டி?"

"அங்கன கட்டம் வந்துருச்சுல்ல டீச்சர்."

"இந்த நட்சத்திரம்?"

"அதுதான இலங்கை?"

"சிலேட்டு இம்புட்டுப் பெருசா இருக்கு, ஏன் இத்தினிக்கூண்டு போடுத?"

"அது அம்புட்டுத்தான் இருக்கும் டீச்சர்."

சொன்னதும் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிலேட்டைப் பாவாடையால் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் விரல் நுனியெல்லாம் சிவப்பாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மருதாணி என்று நினைக்க முடியாது. நகக்கண்ணில் பசை காய்ந்து செதில் செதிலாக இருந்தது.

மறுநாள் காலை நேரே கம்பெனிக்குப் போனேன். வாசலில் காவல்காரர் மறித்தார். "உள்ள போகக்கூடாது டீச்சரம்மா. தீக்குச்சி மருந்து இருக்கு."

"மருந்து இருக்கிற இடத்துல எம் பிள்ளைக இருக்காகளா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடப் போனார். அந்த நேரத்தில் நான் உள்ளே நுழைந்துவிட்டேன். நீளமான கொட்டகை. கந்தக வாடை. தரையில் வரிசையாக என் ஐந்தாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. பள்ளியில் முதல் மணிக்கு ஒருநாளும் அப்படி முழுசாக உட்கார்ந்ததில்லை. நிரப்பிய தீப்பெட்டிகளில் லேபில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மையில் இந்தியா. நடுவில் குத்துவிளக்கு, சுடர் எரிகிற இடம் ஏறக்குறைய டில்லி. கிழக்குப் பக்கம் புள்ளி வைத்த கட்டம் அஸ்ஸாமை வெட்டியிருந்தது. வெற்றிடம் தெரியக்கூடாது என்று அச்சாபீஸ்காரன் கீழே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தான்.

அந்தச் சரக்கு முழுவதும் வடக்கே லோடு ஏறிப் போவது. எங்கள் ஊர்க் கடையில் அந்தப் பெட்டி விற்காது. அதனால் நாங்கள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் மட்டும் விடிந்ததிலிருந்து பள்ளிக்கு வருகிறவரை இந்தியாவைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கண்ணை மூடினாலும் தெரிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை ஓடிவந்தார். "டீச்சர், பள்ளிக்கூடம் அங்கன இருக்கு," என்றார்.

"எனக்கும் தெரியும். இதுகளுக்குத்தான் தெரியல," என்று சொல்லிவிட்டுக் கீழே கிடந்த லேபில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். பிள்ளைகள் யாரும் தலை நிமிரவில்லை. டீச்சர், ஆபீசர் என்று யார் கேட்டாலும் கம்பெனி என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது தெரிந்த பிறகு அவர்கள் வாய் திறக்காததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் போக வேண்டிய இடம் வேறு.

விசாரணைக்கு டெப்டி இன்ஸ்பெக்டர் வந்தார். தலைமையாசிரியர் அறை. மேனேஜர் வெள்ளை வேட்டி சட்டையுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்தியப் படத்தைப் பீரோவிலிருந்து இறக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அன்றுதான் அதை முழுசாகப் பார்த்தேன். ஒரு மடிப்புகூட இல்லாமல் புதிதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு சிலேட்டில் வரையச் சொன்னார். சுவரில் இருந்த படத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தார். கட்டம், புள்ளி, நட்சத்திரம், இந்தியா. அதே வரிசை. அவர் விடைத்தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இத எங்க பார்த்தம்மா?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"ரோட்டுல கெடந்துச்சு."

"எல்லாருக்குமா ரோட்டுல கெடந்துச்சு?"

நான் முந்தானையை அவிழ்த்து லேபிலை மேசைமேல் வைத்தேன். "இதைத்தான் வரைஞ்சிருக்காக. யாரையும் பார்த்து எழுதல. யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்ல."

இன்ஸ்பெக்டர் லேபிலைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார். கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. மேனேஜர் முந்திக்கொண்டார். "எல்லா வீட்டுலயும் பெட்டி ஒட்டுதாகல்ல சார். பிள்ளைக ஒத்தாசைக்கு உக்காரும். அதுல பார்த்திருக்கும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். இன்ஸ்பெக்டரும் தலையாட்டினார். ஆனால் அவரும் இந்தப் பக்கத்துக்காரர். லேபிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டிதான வீட்டுல ஒட்டுவாக. லேபில் கம்பெனிக்குள்ளல்ல ஒட்டுவாக?" என்றார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

"ஆமா, கம்பெனிக்குள்ளதான்," என்றேன். "பத்து மணிவரைக்கும் அங்கதான் இருக்காக. ஆஜர் மட்டும் இங்க இருக்கு."

மேனேஜர் எழுந்து, சாப்பாடு வீட்டில் தயாராக இருப்பதாக இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். இரண்டு பேரும் போனார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் நல்லதாக நினைத்துக்கொள்கிற குணம் எனக்கு இல்லை.

உத்தரவு வந்தது. பார்த்து எழுதியதாகக் கருத இடமில்லை. ஆனால் படம் தவறு, ஆகவே படத்துக்கு மதிப்பெண் இல்லை. ஆஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதிப்பெண் போன பிறகும் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிட்டார்கள். தேற வைத்தது நான் வெறுத்த அந்த ஒப்பிக்கிற பதில்கள்தான். கங்கை எங்கே பிறக்கிறது என்று எழுதியிருந்தார்கள். தீப்பெட்டி சிவகாசியில் உற்பத்தியாகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெண் தேறிவிட்டாள்.

முடிவு தெரிந்த அன்று அவளுடைய அம்மா என்னைத் தெருவில் நிறுத்தினாள். தேறியதற்கு நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன்.

"பெரிய வேல பார்த்தீக டீச்சரம்மா. ஒங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஒண்ணும் வேண்டாமுன்னு கம்பெனிக் கேட்ட அடைச்சுட்டாக. இப்ப உலைக்கு நீங்க அரிசி போடுதீகளா?"

"படிக்கட்டும் தாயி. நல்லாப் படிக்கிற பிள்ள."

"படிக்கட்டும். ஒங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம் வரும். இந்தியாவப் பார்த்து வரைஞ்சதுக்குத் தண்டனை எங்களுக்கா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதற்காக நான் சொன்னது தப்பு என்றும் ஆகாது. இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன்.

கேட்டை ரொம்ப நாள் அடைத்து வைக்க முடியவில்லை. தீபாவளி ஆர்டர் நெருங்கியதும் திறந்தார்கள். லேபில் மட்டும் மாறியிருந்தது. இந்தியாவை எடுத்துவிட்டு ஒரு பச்சைக்கிளி போட்டிருந்தார்கள். அவ்வளவு புகாருக்கும் விசாரணைக்கும் பிறகு நடந்த ஒரே மாற்றம் அதுதான். கிளியை எந்தப் பரீட்சையிலும் வரையச் சொல்ல மாட்டார்கள்.

அதற்கு முன்பே, ஜூன் மாதம், ஆறாம் வகுப்பில் அவள் பெயர் பதிவாகியிருந்தது. ஆறாம் வகுப்புச் சமூகப் பாடமும் என்னிடம்தான் வந்தது. நான் கேட்டுச் சண்டை போட்டு வாங்கியது. முதல் மணிக்கே வகுப்புக்குப் போய் ஆஜரை நானே எடுக்க ஆரம்பித்தேன். தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் தினமும் முதல் மணிக்கு வந்தாள். எனக்கு மனசு குளிர்ந்தது. சீசன் சூடுபிடித்த பிறகும் வந்தாள். ஒருநாள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் கையைத் தூக்கியதும் அவளும் தூக்கினாள். நான் அவள் பெயரைச் சொல்வதற்குள் கையை இறக்கிப் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, கையக் காட்டு."

"பதில் தெரியும் டீச்சர். சொல்லட்டுமா?"

"மொதல்ல கையக் காட்டு."

நீட்டினாள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கை. ஆனாலும் நகக்கண்ணில் கிளியின் பச்சை இருந்தது.

"பள்ளிக்கூடம் விட்ட பெறவுதான் போறேன் டீச்சர்," என்றாள் மெதுவாக. "காலையில போகல."

அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் அதைத் தெரிந்துகொண்டுதான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, பதிலச் சொல்லு," என்றேன்.

சொன்னாள். சரியான பதில்.